கட்டமா, ஜேயா?

சஞ்சிகைக்கு வரும் ஆக்கங்களை லினக்ஸ் கணினியில் திறந்தால் சிலவேளை தமிழ் தெரியாது. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது யூனிகோட், எழுத்துருதான் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவினால் தீரும்.

ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் நோய் வேறு. அது நம் நாட்டில் பரவலான பாமினி. அதில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்றே கோப்பில் பதிந்திருக்கும். அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது எழுத்துரு. ஆக்கம் கெடவில்லை, அழித்துவிடாதீர்கள்! உபுண்டுவில் பாமினி எழுத்துருக் கோப்பைத் திறந்து 'இன்ஸ்டால்' கொடுத்து, லிப்ரே ஆபிஸை மூடித் திறந்தால் கவிதை திரும்பி வரும்.

ஆனாலும் தமிழில் தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. கைத்தொலைபேசிக்கு அனுப்பினால் மீண்டும் ஜே, கே. 1991 முதலே தமிழுக்குத் தனி இலக்கங்கள் வைத்திருக்கும் யூனிகோடுக்கு மாற்றியே சேமியுங்கள். மாற்றியதை மூலத்தோடு ஒப்பிட்டு வாசிக்கவும் வேண்டும். மாற்றி, இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் பொருளில்லாத தமிழாக்கிவிடும்.