தம்பதி பிரிந்தாலும் வீட்டுக் கடன் பிரியாது: விவாகரத்துக் காலத்தில் இஎம்ஐயை யார் கட்டுவது?

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் ஓர் ஆசிரியை வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு ஓசூரில் தனியார் நிறுவன வேலை. இருவர் சம்பளத்தையும் காட்டி, திருவண்ணாமலையில் ரூ.38 லட்சத்துக்கு இருவர் பெயரிலும் வீடு வாங்குகிறார்கள். வங்கிக் கடன் ரூ.30 லட்சம். மீதி ரூ.8 லட்சத்தில் பெரும்பகுதி மனைவியின் நகையை விற்று வந்தது. 20 ஆண்டுகள், 8.5 சதவீத வட்டி என்றால் மாத இஎம்ஐ ரூ.26,035.

ஐந்தாவது ஆண்டு முடிவில் இருவரும் பிரிகிறார்கள். ஆசிரியை மலையிலேயே ஓர் அறை எடுத்து வாடகைக்குத் தங்குகிறார். "நான் அந்த வீட்டுலயே இல்ல, எதுக்கு இஎம்ஐ கட்டணும்?" என்கிறார் அவர். "பாதி அவ கட்டட்டும், அப்புறம் நான் கட்டுறேன்" என்கிறார் கணவர். அடுத்த மாதம் இஎம்ஐ போகவில்லை.

இது ஒரு கற்பனை உதாரணம்தான். ஆனால், விவாகரத்துப் பேச்சு தொடங்கும் பல வீடுகளில் முதலில் நின்றுபோவது இந்த மாதத் தவணைதான். அதன் விலை என்ன, சட்டம் என்ன சொல்கிறது?

வங்கிக்கு விவாகரத்து தெரியாது

கடன் ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால், வங்கியைப் பொறுத்தவரை 'உன் பாதி, என் பாதி' என்று எதுவும் கிடையாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 43-வது பிரிவுப்படி, சேர்ந்து கடன் வாங்கியவர்களில் யாரிடமிருந்து வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். ஒருவரே முழுவதும் கட்டினால், மற்றவரின் பங்கை அவரிடம் கேட்டு வாங்கும் உரிமை கட்டியவருக்கு உண்டு. ஆனால் அது அவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. வங்கி அதில் தலையிடாது.

"இஎம்ஐயைக் கணவரே கட்ட வேண்டும்" என்று விவாகரத்துத் தீர்ப்பில் எழுதியிருந்தாலும் மனைவியின் பெயர் கடனிலிருந்து தானாக நீங்காது. வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பே அல்ல.

தவணை தவறினால் இருவரின் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். நிலுவை 90 நாட்களைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதன் பிறகு 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பி, வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கே, மனு போட்ட பிறகு பொதுவாக ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் (2017-ல் உச்ச நீதிமன்றம், தகுந்த வழக்குகளில் இந்த அவகாசத்தைத் தளர்த்தலாம் என்றது). அதாவது, வழக்கு முடிவதற்குள் வீடே கைவிட்டுப் போக வாய்ப்பு இருக்கிறது.

'பாதிப் பாதி'ன்னா எவ்வளவு?

பேச்சுவார்த்தையில் பலரும் தடுமாறும் இடம் இது. மேலே சொன்ன தம்பதி ஐந்து ஆண்டுகளில் கட்டியது ரூ.15.62 லட்சம். அதில் அசலில் கழிந்தது சுமார் ரூ.3.56 லட்சம் மட்டுமே, மீதி ரூ.12 லட்சத்துக்கு மேல் வட்டி. இன்னும் ரூ.26.44 லட்சம் பாக்கி இருக்கிறது.

வீட்டின் இன்றைய விலை ரூ.45 லட்சம் என்றால், கடன் போகக் கையில் நிற்கும் மதிப்பு ரூ.18.56 லட்சம். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ரூ.9.28 லட்சம். 'நான் கட்டினது 15 லட்சம்' என்று ஒருவரும், 'வீடு 45 லட்சம் போகுது, பாதி கொடு' என்று இன்னொருவரும் பேசினால் பேச்சு முடியவே முடியாது. பிரிக்க வேண்டியது, விலையிலிருந்து கடனைக் கழித்து வரும் தொகையைத்தான்.

அதற்கும் முன்னால் நகைக் கணக்கு வருகிறது. திருமணத்தில் பெண்ணுக்குத் தந்த நகை சீதனம். அதன் முழு உரிமை அவருக்கே. கணவருக்கு அதில் அதிகாரம் இல்லை, ஆபத்துக்கு எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை உண்டு என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. முன்பணத்துக்கு விற்ற நகையின் ரசீது, அந்தப் பணம் வங்கிக் கணக்கு வழியாகப் போனதற்கான ஆதாரம் இரண்டும் இருந்தால், பேச்சுவார்த்தையில் மனைவியின் கை வலுவாக இருக்கும்.

வீடு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால்?

கோவா தவிர இந்தியாவில், திருமணமானதாலேயே சொத்து இருவருக்கும் சொந்தமாகிவிடும் என்ற சட்டம் இல்லை. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் தொடக்கப் புள்ளி. இதில் ஒரு பொறி உண்டு: கடனில் இணைக் கடனாளியாக இருப்பவர், பத்திரத்தில் உரிமையாளராக இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் அவருக்குக் கடன் உண்டு, வீடு இல்லை.

ஆனால் பத்திரம்தான் முடிவான பேச்சு என்றும் சொல்ல முடியாது. 2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு முக்கியமான தீர்ப்பளித்தார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்த காலத்தில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து வாங்கியதில் ஒரு பங்களிப்புதான் என்று கூறி, அவருக்குச் சம பங்கு உண்டு என்றார். இது தானாகக் கிடைத்துவிடாது. ஒவ்வொருவரும் நீதிமன்றத்தில் தன் பங்களிப்பைக் காட்டியாக வேண்டும்.

வழக்கு நடக்கும்போது எங்கே தங்குவது?

சொத்துரிமை வேறு, வசிக்கும் உரிமை வேறு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ன்படி, சேர்ந்து வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. அது மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீடாக இருந்தாலும் பொருந்தும் என்று 2020 அக்டோபர் 15 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தச் சட்டத்தின் 19-வது பிரிவில் இரண்டு வசதிகள் உள்ளன. ஒன்று, அந்த வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கணவருக்குத் தடை வாங்கலாம். இரண்டு, அங்கே தங்க முடியாத சூழலில், அதே தரத்தில் வேறு வீடு அல்லது அதற்கான வாடகையைக் கேட்கலாம். வாடகையையும் குடும்பச் செலவையும் வேண்டுமென்றே நிறுத்துவதைப் பொருளாதார வன்முறையாக இந்தச் சட்டம் பார்க்கிறது. 23-வது பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவும் கேட்கலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணையோ, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரையோ அணுகலாம்.

"இஎம்ஐ போக மிச்சம் இல்ல, ஜீவனாம்சம் எப்படித் தர்றது?"

நீதிமன்றங்களில் அடிக்கடி கேட்கும் வாதம் இது. பொதுவாக இது முழுதாக எடுபடுவதில்லை. வரி, வருங்கால வைப்பு நிதி போன்ற கட்டாயப் பிடித்தங்களும், தன் பெயரில் சொத்துச் சேர்க்கத் தானே விரும்பி வாங்கிய கடனும் ஒன்றல்ல என்று பல தீர்ப்புகள் சொல்கின்றன. அதே நேரம், அந்த வீட்டில் மனைவியும் பிள்ளைகளும்தான் வசிக்கிறார்கள், இஎம்ஐயைக் கணவர் கட்டுகிறார் என்றால் அதையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம்.

2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் வகுத்த விதிமுறைப்படி, ஜீவனாம்ச வழக்கில் இருவருமே வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட நாளிலிருந்தே கணக்கிடப்படும். ஆகவே கடன் கணக்கை மறைப்பதால் லாபம் இல்லை.

வீட்டை என்ன செய்வது: மூன்று வழிகள்

ஒன்று, விற்றுக் கடனை அடைப்பது. வங்கியிடம் நிலுவைத் தொகைக் கடிதம் வாங்கினால், வாங்குபவரின் பணத்திலிருந்து கடனை நேரடியாக அடைத்து, மீதியைப் பிரித்துக்கொள்ளலாம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. முழுக் கடனும் அடைந்த 30 நாட்களுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு ரூ.5,000 இழப்பீடு.

இரண்டு, ஒருவர் வீட்டையும் கடனையும் எடுத்துக்கொண்டு, மற்றவருக்கு அவர் பங்கைப் பணமாகக் கொடுப்பது. இதற்கு அவரின் தனி வருமானம் போதுமா என்று வங்கி மறுபடி பார்க்கும். வங்கி ஒப்புக்கொண்டு, மற்றவர் பெயரை நீக்கி எழுத்தில் தந்த பிறகே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது நல்லது. இல்லையென்றால் வீடு போய்விடும், கடன் மட்டும் பெயரில் நிற்கும்.

இதில் தேதி முக்கியம். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலான விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம் (உச்சவரம்பு ரூ.40,000), பதிவுக் கட்டணம் 1 சதவீதம் (உச்சவரம்பு ரூ.10,000). கணவன், மனைவி இந்தப் பட்டியலில் வருவார்கள். விவாகரத்து ஆனவர்கள் வர மாட்டார்கள். ரூ.22.5 லட்சம் மதிப்புள்ள பாதிப் பங்குக்கு, தீர்ப்புக்கு முன் பதிந்தால் செலவு ரூ.32,500. பிறகு விற்பனைப் பத்திரமாகப் போனால் 7 சதவீதத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் சேர்த்து ரூ.2,02,500. பதிவுக்குப் போகும்முன் அன்றைய கட்டணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று, சில காலம் கூட்டாகவே வைத்திருப்பது. பிள்ளைகளின் படிப்பு முடியும் வரை என்று சிலர் இப்படிச் செய்கிறார்கள். யார் வசிப்பது, யார் எவ்வளவு கட்டுவது, சொத்து வரியும் பழுதுச் செலவும் யாருடையது, எந்த ஆண்டு விற்பது என்பதெல்லாம் சம்மத மனுவிலேயே எழுதப்பட வேண்டும்.

மலையில் கணக்கு வேறு

உதாரணத்தில் வந்த ஆசிரியை வாடகைக்குத் தங்கியிருக்கும் ஊரில், பெரும்பாலானோர் மலையாளி என்ற பட்டியல் பழங்குடியினர். இந்து திருமணச் சட்டத்தின் 2(2) பிரிவுப்படி, மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை அந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. இந்து முறைச் சடங்குடன் நடந்த திருமணங்களுக்குப் பொருந்தும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னதுபோல மாறுபட்ட தீர்ப்புகளும் உண்டு. மலைக் கிராமங்களில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. பேச்சு முடிந்துவிடும்; கையில் காகிதம் இருக்காது.

வங்கிக்கும் அரசு அலுவலகத்துக்கும் காகிதம் தேவை. வழக்கப்படி பிரிந்ததைக் குடும்ப நீதிமன்றத்தில் அறிவிக்கக் கோரலாம். 2005-ம் ஆண்டுச் சட்டமும், ஜீவனாம்சம் கேட்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவும் பழங்குடிப் பெண்களுக்கும் அப்படியே பொருந்தும்.

இங்கே வீட்டுக் கடனும் அபூர்வம். பழங்குடியினருக்கு அரசு ஒப்படைத்த நிலத்தின் பட்டாவில், விற்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும் என்பதால் அதை அடமானமாக ஏற்க வங்கிகள் தயங்கும். வீடு வருவது பெரும்பாலும் அரசுத் திட்டத்தில்தான்: பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம், 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் தரும் கலைஞரின் கனவு இல்லம் போன்றவை. போதாத பணத்துக்கு நகைக் கடன், மகளிர் சுயஉதவிக் குழுக் கடன். பிரிந்த பிறகு பார்த்தால் வீட்டில் கணவர் இருப்பார். கூரை போட வாங்கிய குழுக் கடனை மனைவி கட்டிக்கொண்டிருப்பார். பெயர் வேறு, சிக்கல் அதே இஎம்ஐ சிக்கல்தான்.

பிரதமர் திட்ட விதிப்படி வீட்டைக் கணவன், மனைவி இருவர் பெயரிலோ, மனைவி பெயரிலோ ஒதுக்கலாம். கட்டுமானம் பாதியில் இருக்கும்போது பிரிவு வந்தால், அடுத்த தவணை யார் கணக்கில் ஏறுகிறது என்று பார்த்து, ஜவ்வாதுமலை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உடனே எழுத்துப்பூர்வமாக மனு கொடுப்பது அவசியம். குழுக் கடன் ரசீதுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். ஜீவனாம்ச மனுவில் அவைதான் ஆதாரம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

• யார் கட்டுவது என்ற சண்டை முடியும்வரை இஎம்ஐயை நிறுத்தாதீர்கள். கட்டுபவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து கட்டி, ஆதாரத்தை வைத்துக்கொள்ளட்டும்.

• பத்திர நகல், கடன் ஒப்பந்தம், கடன் கணக்கு அறிக்கை, வில்லங்கச் சான்று நான்கையும் எடுத்து, எதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

• கட்ட முடியாத நிலை என்றால், தவணை தவறும் முன்பே வங்கிக்கு எழுதுங்கள். தவணைக் காலத்தை நீட்டி இஎம்ஐயைக் குறைக்கக் கேட்கலாம்.

• கூட்டுக் கணக்கு, டாப்-அப் கடன் போன்றவற்றில் இருவர் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்கக் கூடாது என்று வங்கிக்குக் கடிதம் கொடுங்கள்.

• வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

அந்த ஆசிரியையும் கணவரும் மாதம் ரூ.13,000 வீதம் போட்டு ஆறு மாதம் ஓட்டினால், ஆளுக்குச் செலவு ரூ.78,000 சொச்சம். நிறுத்திவிட்டால் பணயத்தில் இருப்பது ரூ.18.56 லட்சமும், இருவரும் அடுத்து எங்காவது கடன் வாங்கும் தகுதியும். பிரிவது என்று முடிவானாலும், அதுவரை தவணையை மட்டும் சேர்ந்தே கட்டுவதுதான் இருவருக்கும் லாபம்.