பரம்பரைக்கு ஓய்வு வயது உண்டா?

திருமலை அர்ச்சகர் விவகாரம் நிர்வாகங்களுக்குச் சொல்லும் பாடம்

அலிபிரியில் தொடங்கும் சுமார் 3,550 படிகளை ஏறி, மணிக்கணக்கில் வரிசையில் நின்று, சில விநாடிகள் தரிசனம் பெறும் பக்தருக்குக் கருவறையில் நிற்கும் அர்ச்சகர் சம்பளக்காரரா, உரிமைக்காரரா என்ற சந்தேகம் வருவதில்லை. ஆனால் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தை 1987 முதல் விடாமல் துரத்தும் கேள்வி அதுதான்.

அதற்கு முன்பு பதில் எளிது. பைடிபல்லி, கொல்லபல்லி, பெத்தின்டி, திருப்பதம்மா என்ற நான்கு வைகானச குடும்பங்களுக்குப் பூஜை உரிமை. மிராசு முறைப்படி பிரசாதங்களில் பங்கு. தந்தைக்குப் பின் மகன். ஆள் தேடும் கவலையோ, இருப்பவர் போய்விடுவாரோ என்ற பயமோ நிர்வாகத்துக்கு இல்லை.

என்.டி. ராமராவ் அரசின் 1987-ம் ஆண்டு அறநிலையச் சட்டம் மிராசு முறையை ஒழித்தது. பூஜை செய்வது சமயம் சார்ந்தது. பூஜை செய்பவரை நியமிப்பது அப்படியல்ல என்று கூறி, 1996-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தமிழகத்தின் பரம்பரை அர்ச்சகர் ஒழிப்புச் சட்டம் பற்றிய 1972-ம் ஆண்டுத் தீர்ப்பும் இதே தடத்தில் சென்றதுதான். ஆனால் 2007-ல் ஆந்திர அரசு சட்டத்தைத் திருத்தி, பரம்பரைக் குடும்பங்களுக்கு மீண்டும் அங்கீகாரம் அளித்தது.

புயல் கிளம்பியது 2018 மே மாதத்தில். தலைமை அர்ச்சகர் ரமண தீட்சிதுலு சென்னையில் நிருபர்களிடம் நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடினார். உடனேயே அறங்காவலர் குழு, அர்ச்சகர்களுக்கு ஓய்வு வயது 65 என்று தீர்மானித்தது. அவர் உள்பட தலைமை அர்ச்சகர்கள் நால்வரும் வெளியேற நேர்ந்தது. அவர்கள் இடத்துக்கு வந்தவர்களும் அதே நான்கு குடும்பத்தினர்தான்!

அந்த ஆண்டு டிசம்பரில், பரம்பரை அர்ச்சகர்களுக்கு ஓய்வு வயது பொருந்தாது என்று உயர் நீதிமன்றம் கூறியது. 2019-ல் ஆட்சி மாறியது. ரமண தீட்சிதுலு கௌரவத் தலைமை அர்ச்சகராகத் திரும்பினார். 2021-ல் ஓய்வு பெற்ற மற்றவர்களுக்கும் கதவு திறந்தது. 2024 பிப்ரவரியில் ரமண தீட்சிதுலு மீண்டும் நீக்கப்பட்டார்.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சுப்ரபாதம் விடியலுக்கு வெகு முன்பே. ஏகாந்த சேவை நள்ளிரவை ஒட்டி. இந்த வேலைக்கு உடல் வலு வேண்டும். மூத்தவர்கள் விலகாவிட்டால் இளையவர்கள் காத்தே நரைக்க வேண்டும். மறுபுறம், ஆகமத்தைத் தர்மகிரி வேத பாடசாலையில் கற்கலாம். வெள்ளிக்கிழமை அபிஷேகத்தையும் பிரம்மோற்சவ அலங்காரங்களையும் தவறின்றி நடத்தும் கைப்பழக்கம், மூத்தவர் பக்கத்தில் நின்று பல ஆண்டுகள் பார்த்தால்தான் வரும். ஒரே நாளில் நால்வர் போனால் அந்தச் சங்கிலியே அறுபடும்.

ஓய்வு வயது நிர்ணயிப்பது தவறல்ல. முன்கூட்டியே அறிவித்து, ஒருவர் பின் ஒருவராக விடைகொடுத்து, போகிறவரை வருகிறவருக்கு ஆசானாக அமர்த்தியிருந்தால் 65 ஒரு விதியாக இருந்திருக்கும். குற்றச்சாட்டுகளின் சூட்டோடு வந்ததால் தண்டனையாகத் தெரிந்தது. ஆட்சிதோறும் மாறியதால், விதி என்ற மரியாதையையும் இழந்தது. அனுபவசாலிகளை இழந்து தவிக்கும் எந்த ஆலைக்கும் அலுவலகத்துக்கும் இது பொருந்தும். யாரை அனுப்புகிறோம் என்பதைவிட, எப்போது, எப்படி அனுப்புகிறோம் என்பதைத்தான் மிஞ்சியிருப்பவர்கள் உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள்.