நேரில் போக முடியாத ஊரில் வீடு தேடும்போது

தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நேரம் போதாமல் பாதியில் நின்றுபோன ஒரு விஷயத்தை இந்த வாரம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நம்மில் பலர் பிறந்த ஊரில் வேலை செய்வதில்லை. கெடாவிலும் பேராவிலும் பிறந்தவர்கள் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் பிழைக்கிறார்கள். சுங்கை பட்டாணியில் இருக்கும் ஒரு குடும்பத் தலைவருக்கு அடுத்த மாதமே ஜொகூர் பாருவில் வேலை என்று கடிதம் வந்தால், 650 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து வாரந்தோறும் வீடு பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? சிங்கப்பூரில் இரவு வேலை செய்துகொண்டு, ஈப்போவில் அம்மா அப்பாவுக்கு வீடு வாங்க நினைக்கும் மகனுக்கும் இதே சிக்கல்தான். இவர்கள் படங்களையும் தொலைபேசியையும் உறவினர்களையும் நம்பித்தான் முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவின் பின்னால் இருப்பது பெரும்பாலும் பல வருடச் சம்பளமும் சேமநிதிப் பணமும் ஆகும்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். கேமரா எப்படிப் பொய் சொல்லும் என்பது எங்கள் தொழிலில் தினமும் பார்க்கும் விஷயம். அகலக் கோண லென்ஸ் போட்டு, அறையின் மூலையில் நின்று எடுத்தால் பத்தடி அறை கல்யாண மண்டபம் போல் தெரியும். விளக்கை எல்லாம் போட்டுவிட்டால் இருட்டு வீடு வெளிச்ச வீடாகிவிடும். ஆகவே விளம்பரப் படத்தை வைத்து அறையின் அளவைக் கணிக்காதீர்கள். தரையில் பதித்திருக்கும் டைல்ஸ் கற்களை எண்ணச் சொல்லுங்கள். ஒரு கல்லின் அளவை அளந்து சொல்லிவிட்டு, நீளத்துக்கு எத்தனை, அகலத்துக்கு எத்தனை என்று எண்ணிச் சொன்னால் போதும். 60 சென்டிமீட்டர் கல் ஐந்துதான் ஓர் ஓரத்தில் வருகிறது என்றால் அந்த அறை பத்தடிக்கும் குறைவு. உங்கள் கட்டிலும் அலமாரியும் அங்கே சேர்ந்து நிற்குமா என்று வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுவிடலாம்.

முன்பே எடுத்து வைத்த காணொளியை ஏற்றுக்கொள்ளாமல், நேரடி வீடியோ அழைப்பில் காட்டச் சொல்ல வேண்டும். அதிலும், அவர் காட்டுவதை நாம் பார்ப்பது என்றில்லாமல் நாம் கேட்பதை அவர் காட்ட வேண்டும். கூரையின் மூலைகளைக் காட்டச் சொல்லுங்கள். ஒழுகிய கறை அங்கேதான் இருக்கும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, மாடிக் குளியலறையில் தண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். மரக் கதவு நிலைகளை விரலால் தட்டச் சொல்லுங்கள். கரையான் அரித்த மரம் 'டொக்கு' என்று வெறுமையாக ஒலிக்கும். அந்தச் சத்தம் தொலைபேசியில்கூடக் கேட்கும். பிறகு வாசல் கேட்டைத் திறந்து தெருவில் நின்று, இடது பக்கமும் வலது பக்கமும் மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள். விளம்பரங்களில் எல்லா வீடுகளும் தனியாக நிற்பது போலத்தான் இருக்கும். பக்கத்தில் இருக்கும் கார் பட்டறை அப்போதுதான் தெரியும்.

அடுத்தது நம் சொந்தக்காரர்கள். வெளியூரில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் அவரை அனுப்பி வைப்போம். அவரும் வேலை முடிந்து, பாவம், மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டால், "நல்லா இருக்குப்பா, எடுத்துக்கலாம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அது நல்ல வீடுதான். ஆனால் அவர் கார் இல்லாதவர், நீங்கள் இரண்டு கார் வைத்திருப்பவர். அவர் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், உங்கள் மகள் அடுத்த ஆண்டுதான் முதலாம் வகுப்பு போகப் போகிறாள். மேலும், பெரியவர் சிரமப்பட்டுப் பார்த்து வந்த வீட்டை வேண்டாம் என்று சொல்ல நமக்கும் வாய் வராது. இந்தத் தர்மசங்கடத்திலேயே எத்தனையோ வீடுகள் முடிவாகிவிடுகின்றன.

அதனால் அவரிடம் அபிப்பிராயம் கேட்காமல், பதில் ஒன்றே ஒன்றாக இருக்கக்கூடிய கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்கு முன்னால் எத்தனை கார் நிறுத்த முடியும்? இரவு ஒன்பது மணிக்குப் போனபோது அந்த இடம் காலியாக இருந்ததா? பக்கத்து வீட்டுக்காரர் அங்கே எத்தனை வருடமாக இருக்கிறார்? தமிழ்ப்பள்ளிக்கு எத்தனை கிலோமீட்டர், பள்ளிப் பேருந்து அந்தத் தெருவுக்குள் வருமா? நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், பல பள்ளிகள் பழைய தோட்டப்புறங்களில் இருக்கின்றன; புதிய தாமான்களில் இருந்து அவை வெகு தூரம். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில்தான் சேர்ப்பேன் என்று உறுதியாக இருக்கும் பெற்றோர் வீட்டுக்கு முன்னால் பள்ளியைத் தேடுவதே சரி என்பது என் கருத்து.

எந்தக் கேமராவிலும் வராத ஒன்று நாற்றம். செம்பனை எண்ணெய் ஆலை, ரப்பர் பதனிடும் தொழிற்சாலை, கோழிப் பண்ணை, கழிவுநீர்க் குட்டை இவற்றின் வாடை காற்று திரும்பும் திசையைப் பொறுத்து வரும். காலையில் போனவருக்குத் தெரியாதது மாலையில் தெரியும். ஆகவே ஒரே ஆள் ஒரு முறை போவதைவிட, இரண்டு வேளை போவது நல்லது. முடிந்தால் அதில் ஒரு வேளை மழை நாளாக இருக்கட்டும்.

மழை என்றதும் வெள்ளத்தைப் பேசாமல் இருக்க முடியாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து இரு முறை மூழ்கியது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் முழுவதும் நீரில் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். வெள்ளம் வடிந்து வண்ணம் பூசிவிட்டால் படத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் அடையாளங்கள் இருக்கும். சுவரின் கீழ்ப்பகுதியில் மட்டும் புது வண்ணம், வழக்கத்தைவிட உயரத்தில் மாற்றி வைத்த மின் இணைப்புகள், அண்டை வீடுகளின் வாசலில் கட்டிய சிறு தடுப்புச் சுவர் ஆகியவற்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். முகவரிடம் "இங்கே வெள்ளம் வருமா?" என்று கேட்பதைவிட, அந்தத் தெருவின் மளிகைக்கடைக்காரரிடம் "கடைசியாக எப்போது தண்ணீர் வந்தது?" என்று கேட்டால் ஆண்டோடு பதில் வரும்.

இப்போது பணம். வாடகை வீட்டு மோசடி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. அந்த வட்டாரத்தில் 1,500 வெள்ளி போகும் வீட்டை 900 வெள்ளிக்கு விளம்பரம் செய்வார்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி பிறகு வரும், இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், இன்றே முன்பணம் போட்டால் உங்களுக்கு ஒதுக்கி வைக்கிறோம் என்பார்கள். தூரத்தில் இருப்பவர்தான் இதற்குச் சரியான இரை. அவரால் போய்க் கதவைத் தட்ட முடியாது அல்லவா? பணம் கேட்கப்படும் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே பெயர் இல்லை என்பதாலேயே ஆள் நல்லவர் என்று ஆகிவிடாது. ஆனால் இருந்தால் அத்தோடு விட்டுவிடலாம். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த அந்த நிமிடமே 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க அதுதான் வழி.

முகவர் என்று சொல்லிக்கொள்பவர் பதிவு பெற்றவரா என்பதையும் உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்க்கலாம். மதிப்பீட்டாளர்கள், சொத்து முகவர்கள் வாரியத்தின் இணையத் தளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடுங்கள். பதிவு பெற்ற பேச்சாளர்கள் எண்ணோடு கூடிய சிவப்பு அட்டை அணிந்திருப்பார்கள். முன்பணம் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போகக்கூடாது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கோ வழக்கறிஞருக்கோதான் போக வேண்டும்.

வாங்குவதாக இருந்தால், வீட்டைவிடப் பத்திரத்தை நன்றாகப் பார்க்க வேண்டும். தூரம் இதற்கு ஒரு தடையே இல்லை. வழக்கறிஞர் மூலம் நில அலுவலகத்தில் ஒரு தேடல் செய்தால் உரிமையாளர் யார், வங்கிக்கு அடமானத்தில் இருக்கிறதா, யாராவது தடை மனு போட்டிருக்கிறார்களா, நிரந்தர உரிமையா குத்தகை நிலமா என்பதெல்லாம் வந்துவிடும். மலாய் ஒதுக்கீட்டு நிலமாக இருந்தால் நம்மால் வாங்க முடியாது. பூமிபுத்ரா லாட் என்றால் மாநில அரசின் அனுமதி வேண்டும். குத்தகை நிலத்தைப் பெயர் மாற்றவும் பெரும்பாலும் அனுமதி தேவைப்படும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். படத்தில் எல்லா வீடுகளும் ஒன்றுபோல்தான் இருக்கும். இந்த வேறுபாடு பத்திரத்தில் மட்டுமே தெரியும். ஆகவே தேடல் முடிவு கைக்கு வரும்முன் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

மேம்பாட்டாளரிடம் புதிய வீடு வாங்குவோர், வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் 'தெடுஹ்' தளத்தில் அவருடைய உரிமத்தையும் திட்டத்தின் நிலையையும் பார்க்கலாம். இவ்வகை வீடுகளுக்குச் சட்டம் வகுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் மேம்பாட்டாளர் பதிவுக் கட்டணம் வாங்க விதிகள் அனுமதிப்பதில்லை. இலவச வழக்கறிஞர் என்று சொன்னால், அந்த வழக்கறிஞர் மேம்பாட்டாளருக்காகத்தான் செயல்படுகிறார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏல வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. விலை மலிவு என்று வெளியூரில் இருந்து கேட்பவர்கள் இப்போது அதிகம். இருக்கும் நிலையிலேயே வாங்க வேண்டும் என்பதும், உள்ளே குடியிருப்பவரை வெளியேற்றுவது உங்கள் பாடு என்பதும், குறித்த காலத்தில் மீதிப் பணத்தைக் கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நேரில் போய்ப் பார்க்க முடியாதவர் ஏலத்தின் பக்கம் போகாமல் இருப்பதே மேல்.

நேரில் வந்து கையெழுத்துப் போட முடியாதவர்கள் சொந்தக்காரருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பதுண்டு. அதில் அந்த ஒரு வீட்டை, அந்த விலைக்கு வாங்க மட்டும் என்று வரையறுத்து எழுதச் சொல்லுங்கள். என் சார்பில் எல்லாம் செய்யலாம் என்று எழுதினால், விற்கவும் அடமானம் வைக்கவும் அவருக்கு அதிகாரம் போய்விடும். நம் மனிதர்தானே என்று தோன்றும். குடும்பத்துக்குள் சண்டை வருவதும் இப்படித்தான்.

என்னைக் கேட்டால், வேலை மாறிப் போகிறவர்கள் முதல் ஓராண்டு வாடகைக்கு இருந்துவிட்டுப் பிறகு வாங்குவது நல்லது. வாடகைக்கும் கையில் பணம் வேண்டும். பொதுவாக இரண்டு மாத வைப்புத்தொகை, அரை மாதத் தண்ணீர் மின்சார வைப்பு, முதல் மாத வாடகை என்று கேட்பார்கள். 1,200 வெள்ளி வாடகைக்கு இது 4,200 வெள்ளி ஆகிவிடும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டிவிடுங்கள். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

புதிய வீடு வாங்கி, தூரத்தில் இருப்பவர்கள் அதிகம் தவறவிடுவது கடைசிக் கட்டத்தைத்தான். வீடு தயார் என்ற அறிவிப்புக் கடிதம் ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு வரும். நீங்கள் சாவி வாங்காவிட்டாலும், அறிவிப்புக்குப் பின் ஒப்பந்தத்தில் குறித்த காலம் கழிந்தால் வீட்டைப் பெற்றுக்கொண்டதாகவே கருதப்படும். விரிசல், ஒழுகல் போன்ற குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டிய 24 மாதமும் அதிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டைப் பூட்டியே வைத்திருந்தால், அந்தக் காலத்தில் பாதி வீணாகிவிடும். சாவி வாங்கிய வாரமே ஒருவரை அனுப்பி, குறைகளைப் படம் எடுத்து, எழுத்து மூலமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். வீடு வாங்கியோர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். அங்கே கேட்கப்போவது அந்தத் தாளைத்தான். இடையில் நீங்கள் வீடு மாறியிருந்தால் புதிய முகவரியை மேம்பாட்டாளருக்கு இன்றே எழுதி அனுப்புங்கள்.