அச்சேறக் காத்திருக்கும் முதல் நாவல்



நாவல் ஒன்றை எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு, ஆறு மாதமாகியும் "கிடைத்தது" என்ற ஒரு வரிகூட வராமல் தவிப்பவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருக்கிறாரா? அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

பதிப்பாளரின் மௌனத்தை நூலுக்கு அளித்த தீர்ப்பாக எடுத்துக்கொள்வதுதான் புதியவர்களை முதலில் வீழ்த்துகிறது. தமிழின் முதல் நாவல் எனப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1857இல் எழுதப்பட்டதாகச் சொல்வர். அச்சில் வந்ததோ 1879இல். எழுதிய வேதநாயகம் பிள்ளை சாமானியர் அல்லர், முன்சீப்பாக இருந்தவர். அவருக்கே இருபத்திரண்டு ஆண்டுகள்! இலங்கையின் முதல் தமிழ் நாவலான 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. அதை எழுதிய அறிஞர் சித்திலெவ்வை 1882 முதல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர். அச்சுத் தொழிலின் நெளிவு சுளிவு அறிந்தவர். நம்மில் எத்தனை பேருக்கு அந்த வசதி உண்டு?

நமக்கு நெருக்கமான உதாரணம் தோப்பில் முஹம்மது மீரான். 1944இல் கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை ஊரான தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர். பள்ளியில் மலையாளம் வழியாகப் படித்தவர். தொழில் மிளகாய் வற்றல் வியாபாரம். (எங்கள் நுரைச்சோலையில் மிளகாய் நடும் சகோதரர்கள் கேட்டுச் சந்தோஷப்படட்டும்.) அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முதலில் 'முஸ்லிம் முரசு' மாத இதழில் தொடராக வந்தது. நூலானது 1988இல், அவர் நாற்பதைக் கடந்த பிறகு. 1997இல் 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக சாகித்திய அக்கடமி விருது பெற்றார்.

தொடர் என்பதை இளையவர்கள் இரண்டாந்தரமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதம் ஓர் அத்தியாயம் வந்தால் வாசகர் உண்டாகிறார். பிழையைச் சுட்டிக்காட்டி ஒருவர் கடிதம் போடுகிறார். அடுத்ததை எழுதியே தீரவேண்டிய கட்டாயமும் வருகிறது. ஆனால் தொடராக வந்ததைச் சில பதிப்பாளர்கள் ஏற்கமாட்டார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு சகோதரி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இக்கரைக்கு வந்த குடும்பம். விட்டுவந்த ஊரைப் பற்றியே எழுதியிருக்கிறார். "இதில் வருகிற பெரியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிறார்கள் ஹஸரத், புத்தகம் யாருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. புத்தகம் வரும்வரை ஏன் பொறுக்க வேண்டும், இப்போதே வாசித்துக் காட்டலாமே என்றேன். அவரும் ஓர் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினார். கேட்டிருந்த எண்பது வயது மூதாட்டி, பள்ளிவாசல் ஹவுலுக்கு எந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தார்கள் என்பதைத் திருத்திக் கொடுத்தாராம். அச்சில் வந்த பிறகு அதை எங்கே திருத்துவது?

இனிப் பண விஷயம். நம் நாட்டில் பெரும்பாலும் எழுதியவரே அச்சுக்கூலியையும் சுமக்கிறார். பொறுமையிழந்து மனைவியின் நகையை அடகு வைத்து, வட்டியும் கட்டி, ஐந்நூறு பிரதி அடித்து வீட்டு மூலையில் அடுக்கி வைத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். வேண்டாம். வெளியீட்டு விழாவில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று எவரும் உத்தரவாதம் தர இயலாது. காகிதத்தையும் நம்ப முடியாது. 2022 மார்ச்சில் காகிதமின்றி மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது, நாவல் எம்மாத்திரம்? முதல் நூலை வெளியிட வழியற்றவர்களுக்கென்றே ஹாசிம் உமர் அவர்களின் புரவலர் புத்தகப் பூங்கா பல நூல்களை வெளியிட்டிருக்கிறது. அத்தகைய கதவுகளை முதலில் தட்டுங்கள்.

பதிப்பாளருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுருக்கமாக, மரியாதையாக ஒரு கடிதம் போதும். அதில் கோபம் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். எப்போது முடிவு தெரியும் என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது கடிதத்துக்கும் பதிலில்லையென்றால், பிரதியை மீட்டுக்கொள்வதாக எழுதிவிட்டு வேறிடம் அனுப்புங்கள். அச்சுக்கூலி கொடுப்பதாயின் முழுத்தொகையையும் முற்பணமாகக் கொடாமல், எத்தனை பிரதி, எந்தத் திகதி என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் பிரதியின் நகலொன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். 1990இல் அந்தக் குடும்பங்கள் புறப்பட்டபோது கொப்பிகளை எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுக்கப்படவில்லை.