ஆயா வேலை

"ஆயா வேலை பாக்கவா உன்னை லண்டனுக்கு அனுப்பினேன்?"னு அம்மா போன்ல கேட்டாங்க. தப்பா சொல்லலை. மாணவர் விசாவில் வகுப்பு நடக்கிற காலத்துல வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அந்த நேரத்துல கென்சிங்டன்ல ஒரு வீட்டு ரெண்டு பிள்ளைங்களைப் பாத்துக்கறேன். அவங்க சமையலறைக்குள்ள என் ரூம் மூணு தடவை அடங்கும், அது தனிக்கதை :-)

போன சனிக்கிழமை ஹாக்னில கிங் எட்வர்ட்ஸ் ரோடு 26-ஆம் நம்பர் வீட்டைப் போய்ப் பார்த்தேன். 1900-லிருந்து 1921 வரை அங்கதான் 'ஆயாஸ் ஹோம்' இருந்துச்சு. வெள்ளைக்காரக் குடும்பங்கள் இந்தியாவிலிருந்து ஊருக்குத் திரும்பும்போது, கப்பல்ல குழந்தையைப் பார்த்துக்க நம்மூர் ஆயாவையும் கூட்டிட்டு வருவாங்க. வாரக்கணக்குல பயணம். வாந்தி, காய்ச்சல், அழுகை எல்லாம் அவங்க தலையில. கரை சேர்ந்ததும் பல பேருக்கு "சரி, நீ போலாம்". எங்கே போறது? 1908-ல ஒரு ஆயாவை கையில ஒரே ஒரு பவுண்டோட கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன்ல விட்டுட்டுப் போயிருக்காங்க.

அந்த ஹோம் நடந்த விதம்தான் சுவாரசியம். ஆயாவோட ரிட்டர்ன் டிக்கெட்டை அங்க ஒப்படைச்சுடணும். இந்தியாவுக்குக் கிளம்புற வேற குடும்பத்துக்கு ஆயா தேவைன்னா, அவங்க அந்த டிக்கெட்டுக்குப் பணம் கட்டி இவங்களைக் கூட்டிட்டுப் போவாங்க. அந்தப் பணத்துலதான் இவங்க தங்கின செலவு கழியும். அதாவது வீட்டுக்குத் திரும்பறதும் ஒரு வேலை! டிக்கெட்டே வாங்கித் தராத எஜமானர்களும் உண்டு. அப்படி மாட்டினவங்க பாடு திண்டாட்டம்.

அந்தச் சுவத்துல 2022-ல நீலப் பலகை வச்சாங்க. ஃபர்ஹானா மமூஜின்னு ஒரு ஹாக்னி பொண்ணு விடாம அலைஞ்சதால. அதுக்கு முன்னாடி 1986-லயே ரோஸினா விஸ்ராம் இவங்களைப் பத்திப் புத்தகம் எழுதிட்டாங்க.

இதையெல்லாம் இப்ப ஏன் தேடினேன்னா, எங்க வீட்டுக்காரங்க ரெண்டு வாரம் மாலத்தீவு போறாங்க. "உனக்கும் ஜாலியா லீவு"ன்னாங்க. சம்பளம் பத்திப் பேச்சே இல்லை. பகுதிநேர வேலைக்கும் இங்க சட்டப்படி வருஷத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோட லீவு உண்டு. எனக்கு அது நேத்துதான் தெரியும். ஒண்ணாம் தேதி வாடகை வேற.

அந்தம்மாவுக்கு மெசேஜ் டைப் பண்ணி வச்சிருக்கேன். மூணு தடவை அழிச்சு எழுதியாச்சு. 'ஸாரி'ங்கற வார்த்தையை இப்பதான் எடுத்தேன்.