அநீதியா, மதப் பாகுபாடா? தொழிலிடத்தில் காரணத்தை ஆராய்வோம்

 

பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறைப் பகுதிகளில் வாழும் நம் பிள்ளைகள் இன்று குடும்பக் கடைகளில் மாத்திரம் தொழில் புரிவதில்லை. ஆடைத் தொழிற்சாலைகளிலும், தேயிலைத் தொழிற்சாலைகளின் காரியாலயங்களிலும், எல்ல பிரதேசத்து உல்லாச விடுதிகளிலும், அரச பாடசாலைகளிலும் பிற சமயத்தவரோடு தோளோடு தோள் நின்று உழைக்கின்றனர். அவ்வாறு உழைத்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் மகனோ மகளோ, "நான் முஸ்லிம் என்பதனால்தான் எனக்கு இப்படிச் செய்கிறார்கள்" என்று கண் கலங்கும்போது நாம் என்ன செய்கின்றோம்? "ஸப்ர் செய் மகனே" என்று வாயை அடைத்து விடுகின்றோம். அல்லது அன்றிரவே ஊர் முழுவதும் அச்செய்தியைப் பரப்பி விடுகின்றோம். "அப்படிச் செய்தமைக்கு உண்மையான காரணம் யாது?" என்று அமர்ந்து கேட்பவர் மிகச் சிலரே.

காரணத்தைத் தேடுவது நமக்குப் புதிய கலையன்று. உஸூலுல் பிக்ஹ் கலையில் "இல்லத்" என்றொரு பாடம் உண்டு. திராட்சைச் சாறு ஹலால். அது மதுவானால் ஹறாம். அதே மது தானாகவே காடியாக மாறிவிட்டால் மீண்டும் ஹலால். ஏனெனில் தடைக்குரிய காரணம் போதை. போதை வரும்போது தடை வருகிறது. போதை நீங்கும்போது தடையும் நீங்குகிறது. சட்டம் காரணத்தோடு சேர்ந்தே சுழலும் என்று நம் இமாம்கள் கூறுவர். தொழிலிடத்தில் நடப்பதையும் இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். உங்களுக்கு நேர்ந்தது உங்கள் மார்க்கத்தோடு சேர்ந்து சுழல்கின்றதா? உங்கள் இடத்தில் ஒரு சிங்களச் சகோதரனோ, தோட்டத்து லயத்திலிருந்து வரும் தமிழ்ச் சகோதரனோ நின்றிருந்தால் இதே நடத்தை அவருக்கும் கிடைத்திருக்குமா?

மேற்பார்வையாளர் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறார். பதவி உயர்வைத் தம் மைத்துனருக்கே கொடுக்கிறார். மேலதிக நேரக் கொடுப்பனவை எவருக்கும் ஒழுங்காகக் கொடுப்பதில்லை. இது அநீதி. எனினும் இதில் மார்க்கம் காரணமாக அமையவில்லை. அவர் கடினமான மனிதர், அவ்வளவுதான். அதற்காக அதனைப் பொறுத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று எண்ணி விடாதீர்கள். மதப் பாகுபாடு அல்லாத அநீதியும் பல வேளைகளில் சட்டவிரோதமே. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்காக நூற்றுக்கு 8, தொழில் தருநரின் பங்காக நூற்றுக்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 செலுத்தப்பட வேண்டும். அதனைச் செலுத்தாத முதலாளி எந்த மார்க்கத்தவராயினும், ஏமாற்றப்பட்டவர் எந்த மார்க்கத்தவராயினும், அது தொழில் திணைக்களத்தில் முறையிட வேண்டிய குற்றம். இதனை "முஸ்லிம் பிரச்சினை" என்று பெயரிட்டால், அதே தொழிற்சாலையில் அதே நிதியை இழந்து நிற்கும் மற்றச் சகோதரர்கள் உங்களை விட்டு விலகி விடுவர். சாட்சிகளும் அவர்களோடு போய்விடும்.

ஆனால் ஒரே தவறுக்கு மற்றவருக்கு எச்சரிக்கையும் உங்களுக்குப் பணிநீக்கமும் கிடைத்தால், அல்லது நேர்முகப் பரீட்சையில் உங்கள் திறமையை விட உங்கள் பெயரும் தொப்பியுமே விசாரிக்கப்பட்டால், அப்போது காரணம் மார்க்கத்தோடு சுழலத் தொடங்குகிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை நினைவு கூருங்கள். அதுவரை நல்ல தொழிலாளி என்று பெயர் பெற்றிருந்த ஒருவர், தம் நடத்தையில் எந்த மாற்றமும் இல்லாதிருக்க, அத்திகதிக்குப் பின்னர் திடீரெனச் சந்தேகத்துக்குரியவராக நடத்தப்பட்டால், அங்கே மாறியது அவரது வேலையன்று.

இவற்றிலும் நுணுக்கமான ஒரு வகை உண்டு. சட்டம் எல்லோருக்கும் ஒன்று போலவே எழுதப்பட்டிருக்கும். அதன் பாரம் மட்டும் ஒரு சாராரின் தோளில் விழும். இதற்கு நம் மலைநாட்டை விடச் சிறந்த பாடநூல் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் "இந்தியத் தமிழர்" என்ற சொல் குறிவைத்து எழுதப்படவில்லை. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்க வேண்டும் என்றே அது கூறியது. கேட்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விதி. ஆயினும் பிறப்புப் பதிவின்றி லயங்களில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரே இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையையும் இழந்தனர். அன்றைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு ஒரு சமூகத்துக்கு எதிராகப் பாகுபாடு காட்டும் சட்டத்தைத் தடுத்திருந்தது. இருந்தும் கொடக்கன்பிள்ளை எதிர் முதன்நாயக்க வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் 1953இல் அச்சட்டங்களைச் செல்லுபடியானவை என்றே தீர்த்தது. எஞ்சியிருந்தோரின் குறை தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம் அயலவர்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பொது விதி எவ்வாறு கடிக்கும் என்பதை!

நம்மவருக்கும் அவ்வகை விதி வந்தது. 2019 மே மாதத்தில் பொது நிருவாக அமைச்சு வெளியிட்ட 13/2019 சுற்றறிக்கை, அரச அலுவலகப் பெண்கள் யாவரும் சாரி அல்லது ஒசரி அணிய வேண்டும் என்றது. எல்லோருக்கும் ஒரே விதி. ஆனால் தலையை மறைக்கும் முஸ்லிம் பெண்ணே அதனால் வாசலில் நிறுத்தப்பட்டாள். ஆட்சேபங்கள் எழுந்த பின்னர் அது திருத்தப்பட்டது.

அதற்கு முந்திய ஆண்டு, 2018 ஏப்ரலில், திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் ஹபாயா அணிந்து கடமைக்கு வந்த ஆசிரியைகளுக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடந்தது. அவர்கள் வேறு பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். மனித உரிமைகள் ஆணைக்குழு 2019இல் அவர்களுக்குச் சார்பாகவே பரிந்துரை செய்தது. பரிந்துரை கடதாசியில் இருந்ததே தவிர நடைமுறைக்கு வரவில்லை. ஓர் ஆசிரியை மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். 2022 பெப்ரவரியில் அவர் கடமையேற்கச் சென்ற நாளிலும் குழப்பமே மூண்டது. ஒரே மொழி பேசும் இரு சமூகங்கள் ஒரு துணியின் பெயரால் முகம் திருப்பிக்கொண்டமை உண்மையில் வேதனைக்குரியது. எனினும் கேட்க வேண்டிய கேள்வி எளியது: அந்த உடை பாடம் கற்பிப்பதற்குத் தடையாக இருந்ததா?

இதே கேள்வியை நேர்மையாக மறுபக்கமும் திருப்புங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை அரைக்கும் உருளை இயந்திரத்தின் அருகே தொங்கும் துணி கூடாது என்பது விதியானால், அது சாரித் தலைப்புக்கும் பொருந்தும், பர்தாவின் நுனிக்கும் பொருந்தும். அங்கே காரணம் உயிர்ப் பாதுகாப்பு, மார்க்கமன்று. இறுகக் கட்டிய தலைத்துணிக்கு அனுமதி கேளுங்கள். ஆபத்தற்ற அந்தத் துணியையும் காரணமின்றி மறுத்தால் அப்போது பேச இடமுண்டு. ஜும்ஆவும் அவ்வாறே. கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை தருகிறது. அந்த அரை நாளை வெள்ளிக்கிழமைப் பகலில் வைத்துத் தருமாறு பணிவோடு, எழுத்தில் கேட்கலாம். கேட்காமலே வேலையிடத்தை விட்டுச் சென்று, பின்னர் தண்டிக்கப்பட்டதும் மார்க்கத்தைத் தடுத்தார்கள் என்று கூறுவது அமானிதத்துக்கு ஒவ்வாது.

இனி, எந்தக் கதவைத் தட்டுவது? அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி முதலியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கின்றது. ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் செல்வதற்கு, உரிமையை மீறியது ஆட்சித்துறை அல்லது நிருவாகத்துறை நடவடிக்கையாக இருத்தல் வேண்டும். அரச பாடசாலை, அரச வைத்தியசாலை, போக்குவரத்துச் சபை டிப்போ போன்றவற்றுக்கு இக்கதவு திறந்திருக்கும். தனியார் தோட்டக் கம்பனிக்கும் தனியார் விடுதிக்கும் பொதுவாக அது திறவாது. அங்கே பணிநீக்கம் நடந்தால், 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபையை நாடலாம். நீதியும் ஒப்புரவும் எதுவோ அதன்படி தீர்க்கும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு. தனியார் துறையில் மதப் பாகுபாட்டைத் தனியே தடுக்கும் முழுமையான சட்டம் இல்லாமை நம் நாட்டின் பெருங்குறை. தொழிலில் பாகுபாட்டை ஒழிக்கும் சர்வதேசத் தொழில் தாபனத்தின் 111ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றிருந்தும் நிலைமை இதுவே.

எந்தக் கதவாயினும் சான்று வேண்டும். வழக்குரைப்பவரே ஆதாரம் காட்ட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த நீதிமுறை. ஊகத்தில் பெரும்பகுதியை விட்டும் விலகுமாறு ஸூறதுல் ஹுஜுறாத் ஏவுகின்றது. அதேவேளை அநீதி இழைக்கப்பட்டவர் அதனை வெளிப்படையாகப் பேசுவதற்கு ஸூறதுன் நிஸாவின் 148ஆம் வசனம் இடமளிக்கின்றது. எனவே எழுதி வையுங்கள்: திகதி, நேரம், சொல்லப்பட்ட வார்த்தை, அருகில் நின்றவர், அதே நிலையில் மற்றவர் எவ்வாறு நடத்தப்பட்டார் என்பது. கடிதங்களின் பிரதிகளைப் பெற்றோரிடம் கொடுத்து வையுங்கள்.

நம் கடைகளையும் இவ்விடத்தில் மறந்துவிடலாகாது. பதுளைக் கடைத்தெருவில் நம்மவர் கடைகளில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்கள் பலர். தீபாவளிக்கு முதல் நாள் மாலை பஸ் பிடிக்க அனுமதி கேட்பவனிடம் கோபம் கொண்டு, நம் பெருநாளுக்கு மாத்திரம் மூன்று நாள் கடையைப் பூட்டினால், அவனது குறிப்புப் புத்தகத்தில் என்ன எழுதப்படும்? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து வழுவச் செய்யக்கூடாது என்ற ஸூறதுல் மாயிதாவின் கட்டளை முதலாளிகளுக்கும் உரியதே.

கால எல்லையே பலரை வீழ்த்துகின்றது. அடிப்படை உரிமை மனுவை மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பள்ளிவாசல் நிருவாகம் பேசும், பெரியவர்கள் பார்த்துக் கொள்வார்கள் என்று காத்திருந்தே அம்மாதம் கழிந்து விடுகின்றது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி கணக்கில் சேராது. முறைப்பாட்டை ஒப்படைத்த துண்டு மாத்திரம் போதாது. விசாரணை நடைபெறுகிறது என்பதைக் காட்டும் கடிதத்தையும் கேட்டுப் பெறுங்கள். ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம் பதுளையிலேயே உள்ளது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.