கணினி தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பலாமா?

ஜொகூர் பாலத்துக்கு அப்புறம் இருக்கும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், 2017-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மலேசியா, இந்தோனேசியா, இலங்கை உள்ளிட்ட எட்டு ஆசிய நாடுகளின் கடைகளில் 90 புதிய கணினிகளையும், திருட்டு மென்பொருள் பதிந்த 165 வட்டுகளையும் வாங்கிச் சோதித்தார்கள். திருட்டு மென்பொருள் ஏற்றி விற்ற புதிய கணினிகளில் 92 விழுக்காட்டில் தீநிரல் (மால்வேர்) இருந்தது. வட்டுகளில் 61 விழுக்காடு. அகப்பட்ட தீநிரல்களில் ட்ரோஜன் வகைதான் மிகுதி. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அசல் மென்பொருளை விற்கும் மைக்ரோசாப்ட் நிறுவனம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைக் கணக்கில் கொண்டு பார்த்தாலும், உறை பிரிக்காத புதுக் கணினிக்குள் ஏற்கெனவே ஒருவன் குடியிருக்கிறான் என்பது சாதாரணச் செய்தி இல்லை.

ஜொகூரின் மாசாய், ஸ்கூடாய், குளுவாங் என எந்த ஊரிலும், பல வீடுகளில் கணினி ஒன்றுதான் இருக்கும். பிள்ளையின் பள்ளிப் பாடம், அப்பாவின் வருமான வரிப் படிவம், அம்மாவின் வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். உரிமப் பூட்டை நீக்கிய 'கிராக்' விளையாட்டு ஒன்றை மகன் இறக்கினால், ஆபத்து அந்த விளையாட்டோடு நிற்பதில்லை.

பூட்டை உடைக்காத திருட்டு

வைரஸ் மற்றக் கோப்புகளில் தன்னைப் பிரதி எடுத்து ஒட்டிக்கொள்ளும். 'வோர்ம்' எனப்படும் புழு, வலையமைப்பு வழியாகத் தானே ஊர்ந்து போகும். ட்ரோஜன் இரண்டையும் செய்வதில்லை. பயனுள்ள ஒரு நிரலின் வேடத்தில் வந்து காத்திருக்கும். "இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்யலாமா?" என்று விண்டோஸ் கேட்கும்போது, "ஆம்" என்று அழுத்துவது நாம்தான். அந்த நொடியில் நமக்கு உள்ள அதிகாரம் அத்தனையும் அதற்கும் கிடைத்துவிடுகிறது.

வாக்குக் கொடுத்த வேலையையும் அது பெரும்பாலும் செய்துவிடும். விளையாட்டு திறக்கும், மென்பொருள் ஓடும். பின்னணியில் ஒரு சிறு நிரல் இறங்கி, கணினி தொடங்கும்போதெல்லாம் தானும் தொடங்கும்படி விண்டோஸின் தொடக்கப் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ளும். பிறகு வெளியே இருக்கும் தன் முதலாளியின் சர்வரை அழைக்கும். வீட்டு ரூட்டர் வெளியிலிருந்து அழையாமல் வருவதைத் தடுக்கப் பழகியது. உள்ளிருந்து வெளியே போகும் அழைப்பை அது பொதுவாகத் தடுப்பதில்லை. இணையப் பக்கங்கள் போய்வரும் அதே வழியில் இந்த அழைப்பும் கலந்து போய்விடும். அதன்பின் கட்டளைகள் வரத் தொடங்கும்: தட்டச்சு செய்வதைப் பதிவு செய், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை அனுப்பு, இன்னொரு நிரலை இறக்கு.

இந்தக் கட்டளை வழி எவ்வளவு வலிமையானது என்பதற்கு 'எமோட்டெட்' ஒரு சான்று. மின்னஞ்சல் இணைப்புகளில் வந்து உலகெங்கும் பரவிய அந்த ட்ரோஜனின் சர்வர்களை, எட்டு நாடுகளின் அதிகாரிகள் சேர்ந்து 2021 ஜனவரியில் கைப்பற்றினார்கள். அதே கட்டளை வழியாகவே ஒரு புதிய கோப்பை அனுப்பினார்கள். ஏப்ரல் 25 அன்று, பாதிக்கப்பட்ட கணினிகளிலிருந்து எமோட்டெட் தன்னைத் தானே நீக்கிக்கொண்டது.

வேடமும் அடையாளமும்

வேடங்களில் பழையதும் இன்றும் பலிப்பதுமான ஒன்று கோப்பின் பெயர். 2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' மின்னஞ்சலின் இணைப்பு, வெறும் எழுத்துக் கோப்பு போலத் தெரிந்தது. அது நிரல் என்பதைக் காட்டும் கடைசி ஒட்டை விண்டோஸ் மறைத்துவிட்டது. இன்றும் விண்டோஸ் வழக்கமாக அதை மறைத்தே வைக்கிறது. 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்ற கோப்பு, 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்' என்று அப்பாவியாய் நிற்கும். ஃபைல் எக்ஸ்புளோரரின் 'வியூ' பகுதியில் கோப்பு ஒட்டுகளைக் காட்டச் சொன்னால் இந்த வேடம் கலைந்துவிடும்.

உள்ளே வந்துவிட்டதற்குச் சில அறிகுறிகள் உண்டு. யாரும் எதுவும் செய்யாதபோதும் கணினியின் மின்விசிறி இரையும். உலாவியின் முதல் பக்கம் மாறியிருக்கும். விண்டோஸோடு வரும் பாதுகாப்பு நிரலான டிஃபெண்டர் தானாக அணைந்து, மறுபடி இயக்க விடாது. தெரியாத ஊரிலிருந்து உங்கள் மின்னஞ்சலுக்குள் யாரோ நுழைந்ததாக எச்சரிக்கை வரும். ஆனால் திறமையாக எழுதப்பட்ட ட்ரோஜன் இவற்றில் ஒன்றைக்கூடக் காட்டாது. கணினி வேகமாக ஓடுகிறது என்பது அது சுத்தமாக இருப்பதற்குச் சான்று ஆகாது.

அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன என்று 'டாஸ்க் மேனேஜர்' காட்டும் பட்டியலைத் தருவது இயங்குதளம். இயங்குதளமே ட்ரோஜனின் பிடியில் இருந்தால், ட்ரோஜனின் பெயரை நீக்கிவிட்டே பட்டியல் வரக்கூடும். வீட்டுக்குள் ஒளிந்திருப்பவனையே கூப்பிட்டு, "உள்ளே யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்பது போன்றது அது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், 1984-இல் வெளியான தம் டியூரிங் விருது உரையில் இதைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனார். நிரல்களை மொழிபெயர்க்கும் கம்பைலருக்குள்ளேயே ட்ரோஜனை வைத்துவிட்டால், மூல நிரலை வரிவரியாகப் படித்தாலும் அது கண்ணில் படாது என்று விளக்கினார்.

வெளியிலிருந்து சோதிக்க வேண்டும்

ஆகவே நீக்கும் வேலையின் ஒவ்வொரு படிக்கும் அடிப்படை ஒன்றே: பாதிக்கப்பட்ட கணினியின் வாக்குமூலத்தை நம்பாதீர்கள்.

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். கட்டளையும் வராது, தகவலும் போகாது. அடுத்து, சுத்தமான வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். மின்னஞ்சலில் தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் சாவி அங்கேதான் வந்து சேர்கிறது. 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். நீங்கள் உள்நுழைந்திருப்பதை உலாவியில் குறித்துவைக்கும் 'குக்கி' திருடப்பட்டிருந்தால், கடவுச்சொல் தெரியாமலே திருடன் உள்ளே உட்கார்ந்திருக்க முடியும்.

பிறகு டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்'. விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சுமார் 15 நிமிடம் இது வட்டைச் சோதிக்கும். ட்ரோஜன் இன்னும் விழிக்காததால் ஒளிந்துகொள்வது கடினம். அது முடிந்ததும் முழுச் சோதனை ஓட்டி, தொடக்கப் பட்டியலையும் உலாவியின் நீட்சிகளையும் பாருங்கள்.

தீநிரல் திரும்பி வந்தாலோ, வங்கிக் கணக்கு தொடப்பட்டிருந்தாலோ, அரைகுறையாகத் துடைப்பதில் பயனில்லை. படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, சுத்தமான கணினியில் தயாரித்த யுஎஸ்பி வழியாக விண்டோஸை முழுதாக மறுபடி நிறுவுங்கள். பழைய நிரல் கோப்பு எதையும் திரும்பக் கொண்டுவராதீர்கள்.

கைத்தொலைபேசிக்கும் இதே பாடம்தான். எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்து, வீடு துப்புரவுச் சேவை போன்ற வேடங்களில் வந்த போலி ஆண்ட்ராய்டு செயலிகளைப் பற்றி 2022-இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான ஈசெட் அறிவித்தது. அவை குறுஞ்செய்திகளையும் திருடின. அதே ஆண்டில், குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுஎண்ணை விட்டு விலகும்படி வங்கிகளுக்கு மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொன்னது. பின்னர் புலனத்தில் (வாட்ஸ்அப்) திருமண அழைப்பிதழ் வேடத்திலும் ஏபிகே எனப்படும் ஆண்ட்ராய்டு செயலிக் கோப்புகள் வந்தன.

பணம் போனது தெரிந்த உடனே 997 எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தையோ வங்கியையோ அழையுங்கள். பிறகு காவல்துறையில் புகார் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு. தொழில்நுட்ப உதவிக்கு சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 இருக்கிறது.

ட்ரோஜனை எதிர்க்க மிகச் சிறந்த இடம், "ஆம்" என்று அழுத்துவதற்கு முந்தைய நொடி. வீட்டுக் கணினியில் பிள்ளைகளுக்குத் தனியாக, நிர்வாகி அதிகாரம் இல்லாத ஒரு கணக்கைத் திறந்து கொடுங்கள். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்கள் மாறிக்கொள்ளுங்கள். கிராக் செய்த மென்பொருளை இன்றே நீக்குங்கள். அதே வேலையைச் செய்யும் சட்டப்படியான இலவச மென்பொருள்கள் பல உண்டு. லிப்ரெஆபிஸ் அவற்றில் ஒன்று.